கைப்பேசியின் விலைக்குள் என்ன இருக்கிறது? கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் கைப்பேசி விற்பதற்கும் பழுதுபார்ப்பதற்குமான ஒரு சிறு கடையைப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக நடத்தி வருகிறேன். வலங்கைமான், பாபநாசம், திருவிடைமருதூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பெட்டியைக் கையில் வாங்கியதும், கேமராவைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே, "இது உண்மையில எவ்வளவு பெறும்?" என்று கேட்டுவிடுகிறார்கள். நெல்லைக் குவிண்டால் கணக்கில் கொடுத்துவிட்டு அரிசியைக் கிலோ கணக்கில் வாங்கிப் பழகிய ஊரில் அந்தச் சந்தேகம் எழாவிட்டால்தான் வியப்பு. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். முன்பே சொன்ன பதிலைத் திரும்பச் சொல்லாமல் அதன் எண்ணைக் குறிப்பிட்டிருக்கிறேன்.

1. "அண்ணே, இந்த போனைப் பிரிச்சு உள்ள இருக்கிற சாமானை மட்டும் கணக்குப் போட்டா எவ்வளவு வரும்?"

இந்தக் கணக்கைப் போடுவதையே தொழிலாகக் கொண்ட ஆய்வு நிறுவனங்கள் உண்டு. புதிய கைப்பேசி ஒன்று வெளிவந்ததும் அதைப் பிரித்து, திரை, சிப், நினைவகம், கேமரா, பேட்டரி, உறை என ஒவ்வொரு பாகத்துக்கும் விலை மதிப்பிட்டுப் பட்டியல் போடுவார்கள். 2017-இல் ஐபோன் எக்ஸ் வந்தபோது, அதன் 64 ஜிபி வகையில் இருக்கும் பாகங்களின் செலவை ஐஎச்எஸ் மார்க்கிட் என்ற நிறுவனம் 370.25 டாலர் என்று மதிப்பிட்டது. அமெரிக்காவில் அது விற்ற விலை 999 டாலர். அந்த 370 டாலரில் திரைப் பகுதிக்கு மட்டுமே 110 டாலர் போயிருந்தது.

இதை நகைக்கடைக் கணக்கில் சொன்னால் எளிதாக விளங்கும். தங்கத்தின் எடைக்கு ஒரு விலை, அதற்கு மேல் சேதாரம், செய்கூலி என்று பில் நீளும் அல்லவா? மேற்சொன்ன பட்டியல் தங்கத்தின் விலையை மட்டும் சொல்கிறது. ஆனால் நகைக்கடையில் அன்றைய கிராம் விலையைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். கைப்பேசித் தொழிலில் அப்படிப் பலகை எதுவும் கிடையாது. கோடிக்கணக்கில் பாகம் வாங்கும் நிறுவனம் என்ன விலைக்குப் பேசி முடித்தது என்பது வெளியே வராததால், இத்தகைய பட்டியல்கள் எல்லாம் மதிப்பீடுகளே.

2. "அப்ப மிச்சம் இருக்கிற அறுநூறு டாலரும் அவங்க லாபமா?"

இல்லை. பாகங்களைச் சேர்த்துப் பூட்டும் கூலி, அச்சு வார்க்கும் செலவு, விமானச் சரக்குக் கட்டணம், உத்தரவாதக் காலத்தில் திரும்பி வரும் கருவிகளுக்கான ஒதுக்கீடு, கடைக்காரர் பங்கு ஆகியவை எல்லாம் பாகங்களின் பட்டியலுக்கு வெளியே நிற்பவை. ஆப்பிள் நிறுவனமே வெளியிட்ட கணக்கின்படி, 2024 நிதியாண்டில் கருவிகள் விற்பனையில் அதன் மொத்த லாப விகிதம் 37.2 சதவீதம். நூறு ரூபாய் வரவில் ஏறத்தாழ 63 ரூபாய் கருவியைச் செய்து முடிப்பதற்கே போய்விடுகிறது என்பது இதன் பொருள். மீதமுள்ள 37 ரூபாயிலிருந்துதான் ஆராய்ச்சியும் மென்பொருளும் விளம்பரமும் சம்பளமும் நடக்க வேண்டும்.

கண்ணுக்கே தெரியாத இன்னொரு செலவு காப்புரிமைக் கட்டணம். 5ஜி தொழில்நுட்பத்தின் அடிப்படைக் காப்புரிமைகளை வைத்திருக்கும் குவால்காம், பல தலைமுறை அலைவரிசைகளில் இயங்கும் 5ஜி கைப்பேசிக்கு அதன் விற்பனை விலையில் 3.25 சதவீதம் என்றும், 400 டாலருக்கு மேல் எவ்வளவு விலை இருந்தாலும் 400 டாலர் என்றே கொள்ளப்படும் என்றும் அறிவித்திருக்கிறது. நோக்கியா ஒரு கருவிக்கு 3 யூரோ என்றும், எரிக்சன் 2.50 முதல் 5 டாலர் வரை என்றும் அறிவித்தன. பெரிய நிறுவனங்கள் இதைவிடக் குறைத்துப் பேசி முடிக்கக்கூடும். ஆனாலும், பிரித்துப் பார்த்தால் எந்தத் திருகாணிக்குக் கீழேயும் அகப்படாத பாகம் இது.

3. "இதுல அரசாங்கத்துக்கு எவ்வளவு போகுது?"

ஜிஎஸ்டி 18 சதவீதம். 2020 ஏப்ரல் 1-க்கு முன்பு இது 12 சதவீதமாக இருந்தது. நீங்கள் 11,800 ரூபாய் கொடுத்தால், அதில் 10,000 ரூபாய் கருவிக்கும் 1,800 ரூபாய் வரிக்கும் போகின்றன. மொத்தத் தொகையில் 18 சதவீதத்தைக் கழித்துப் பார்த்துவிட்டு பில் தவறு என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. வரி அடிப்படை விலையின் மேல் போடப்படுகிறது, மொத்தத்தின் மேல் போடப்படுவதில்லை.

4. "உங்களுக்கு ஒரு போனுக்கு ரெண்டாயிரம் மூவாயிரம் நிக்கும்ல?"

நின்றால் நான் இந்நேரம் இன்னும் இரண்டு கடை திறந்திருப்பேன். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எம்ஆர்பி பெரும்பாலும் யாரும் கொடுக்காத விலை. சந்தையில் இந்த விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று நிறுவனம் சொல்லும் விலையை எங்கள் தொழிலில் எம்ஓபி என்பார்கள். நாங்கள் வாங்கும் டீலர் விலைக்கும் எம்ஓபி-க்கும் இடையில் இருப்பதே எங்கள் பங்கு. பத்தாயிரம் ரூபாய்க் கைப்பேசியில் என் கடைக்கு நிற்பது பெரும்பாலும் முந்நூறு முதல் ஐந்நூறு ரூபாய் வரை. மாத இலக்கை எட்டினால் ஸ்கீம் என்ற பெயரில் பின்னால் ஏதோ வரும். அட்டை தேய்க்கும் கட்டணமும் வாடகையும் இதற்குள் அடங்க வேண்டும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒருமுறை நான் பன்னிரண்டு கைப்பேசிகளை எடுத்து அடுக்கிய வாரத்திலேயே அந்த மாடலுக்கு ஆயிரம் ரூபாய் விலை குறைத்தார்கள். குறைந்த தொகையை ஈடு செய்து கொடுப்பதாகச் சொன்ன நிறுவனம், அதைக் கொடுக்க ஐந்து மாதம் எடுத்துக்கொண்டது. அந்த ஐந்து மாதமும் கடையைக் காப்பாற்றியவை திரைமேல் ஒட்டும் கண்ணாடியும் பின்கவரும்தான். நூற்றைம்பது ரூபாய்க்கு ஒட்டும் கண்ணாடியில் பாதிக்கு மேல் கடைக்கு மிஞ்சும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. விலையுயர்ந்த பொருளில் மெல்லிய லாபம், அதோடு ஒட்டி விற்கும் மலிவான பொருளில் தடித்த லாபம் என்ற இந்த வழக்கத்தைக் கடைக்காரர்களைவிடப் பெரிய நிறுவனங்கள் நன்றாகவே கற்றிருக்கின்றன. 7-ஆம், 9-ஆம் கேள்விகளில் அது மீண்டும் வரும்.

5. "ஸ்ரீபெரும்புதூர்லயே செய்யறாங்களே, அப்புறமும் ஏன் விலை குறையல?"

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பாதிப் பேருடைய வீட்டிலிருந்து ஒரு பிள்ளையாவது அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போயிருக்கும். 2006-இல் நோக்கியா ஆலை தொடங்கி 2014-இல் மூடப்பட்ட காலத்திலிருந்தே டெல்டாவுக்கும் அந்த ஊருக்கும் இந்தத் தொடர்பு இருக்கிறது. ஆனால் அங்கே பெரும்பாலும் நடப்பது பூட்டும் வேலை. விலையின் பெரும்பகுதியை விழுங்கும் சிப்பும் நினைவகமும் திரையும் இன்னும் பெருமளவு வெளிநாட்டிலிருந்தே வருகின்றன. பூட்டும் கூலி மொத்தச் செலவில் மிகச் சிறிய பங்கு என்பதால், அதைப் பாதியாகக் குறைத்தாலும் உங்கள் பில்லில் பெரிதாகத் தெரியாது.

இங்கே செய்வதால் மிச்சமாவது முழுக் கைப்பேசிக்கான இறக்குமதி வரி. 2024 ஜூலை நிதிநிலை அறிக்கை வரை அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதமாகவும், அதன்மேல் ஒரு கூடுதல் வரியும் சேர்ந்து 22 சதவீதமாகவும் இருந்தது. அதன்பின் அது முறையே 15 சதவீதமாகவும் 16.5 சதவீதமாகவும் குறைந்தது. 2020-இல் அறிவிக்கப்பட்ட உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டத்தில், கூடுதல் விற்பனைக்கு 4 முதல் 6 சதவீதம் வரை அரசு கொடுத்தது. அது உற்பத்தியாளரின் கணக்கில் சேரும் பணம். அதை வாங்குபவருக்கு இறக்கித் தர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. எதிரில் போட்டியாளர் விலையைக் குறைத்தால் மட்டுமே இறங்கும்.

6. "சிங்கப்பூர்ல இருக்கிற என் மச்சான், வெளிநாட்டுல ஐபோன் ரொம்பக் கம்மின்னு சொல்றாரே, உண்மையா?"

பல மாடல்களுக்கு உண்மை. அமெரிக்க விலையை வைத்துப் பார்ப்போம். 2023-இல் ஐபோன் 15 புரோ அங்கே 999 டாலர், இங்கே 1,34,900 ரூபாய். அன்றைக்கு ஒரு டாலர் ஏறத்தாழ 83 ரூபாய் என்று கொண்டால் 999 டாலர் என்பது 83,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அதன்மேல் 22 சதவீதச் சுங்கமும் பிறகு 18 சதவீத ஜிஎஸ்டியும் போட்டால் 1,19,000 ரூபாயைத் தாண்டும். ஆனால் சுங்கம் கடை விலையின் மேல் போடப்படுவதில்லை. துறைமுகத்துக்கோ விமான நிலையத்துக்கோ வந்து சேரும்போது காட்டும் மதிப்பின் மேல்தான் போடப்படுகிறது. ஆகவே வரிகள் போகவும் விலையில் இடம் மிஞ்சியிருந்தது. அந்த இடத்தில்தான் ரூபாய் மதிப்பு சரியும் என்ற பயமும், விநியோகஸ்தர் பங்கும், லாபமும் சேர்ந்து உட்கார்ந்திருந்தன. அமெரிக்க விலையில் அந்தந்த மாநிலத்தின் விற்பனை வரி சேராது என்பதையும் மச்சானிடம் சொல்லுங்கள்.

மறு ஆண்டு, சுங்கம் குறைந்து, புரோ வகைகளும் இந்தியாவில் பூட்டப்படத் தொடங்கியபின், ஐபோன் 16 புரோ 1,19,900 ரூபாய்க்கு வந்தது. அமெரிக்க விலை அதே 999 டாலர். அங்கே ஒரு டாலர்கூட மாறாத பொருள் இங்கே 15,000 ரூபாய் இறங்கியதிலிருந்து, முன்பு நாம் கொடுத்ததில் எவ்வளவு கருவிக்கு வெளியே இருந்தது என்பதை ஊகிக்கலாம்.

7. "128 ஜிபி-யும் 256 ஜிபி-யும் ஒரே போன்தானே, எதுக்குப் பத்தாயிரம் வித்தியாசம்?"

ஐபோன் 15 வெளிவந்தபோது 128 ஜிபி 79,900 ரூபாய், 256 ஜிபி 89,900 ரூபாய். கூடுதல் 128 ஜிபி-க்கான சிப் செலவு அந்தப் பத்தாயிரத்தில் ஒரு சிறு பங்குதான். மற்றவை எல்லாம் ஒன்றே: அதே திரை, அதே பெட்டி, அதே தொழிற்சாலை வரிசை. எனவே கூடுதலாக வாங்கும் தொகையில் பெரும்பகுதி நேராக லாபத்தில் சேர்கிறது.

கீழ்ப்படியை விளம்பரத்துக்கும் மேற்படியை லாபத்துக்கும் வைப்பது இத்தொழிலின் பழைய உத்தி. கல்யாண மண்டபத்தில் வாடகையைக் குறைவாகச் சொல்லிவிட்டு, ஜெனரேட்டருக்கும் பாத்திரத்துக்கும் தனியாகக் கணக்கெழுதுவது போன்றது. மெமரி கார்டு போடும் இடத்தை விலையுயர்ந்த கைப்பேசிகளிலிருந்து எடுத்துவிட்டதில் இந்தக் கணக்குக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் கருத்து.

8. "எல்லாம் ஏன் 9,999, 14,999-னே முடியுது? செலவு அப்படியா வருது?"

என்னைப் பொறுத்தவரை இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். நம்மில் பலர் செலவைக் கூட்டி, அதன்மேல் லாபம் வைத்து, அதன்பின் விலை பிறக்கிறது என்று நினைக்கிறோம். சுவாமிமலையில் ஒரு சிலைக்கு அப்படித்தான் விலை பேசுகிறார்கள்: உலோகத்தின் எடை, கூலி, நாள் கணக்கு. பெருவாரியாக விற்கும் கைப்பேசியில் வரிசை தலைகீழ். 14,999 ரூபாய் என்ற அலமாரியில் நமக்கு ஒரு பொருள் வேண்டும் என்று முதலில் முடிவாகிறது. அதிலிருந்து ஜிஎஸ்டி போகிறது. மிஞ்சுவது சுமார் 12,700 ரூபாய். கடை, விநியோகஸ்தர், விளம்பரம், காப்புரிமை, உத்தரவாதம், நிறுவனத்தின் லாபம் என்று ஒவ்வொன்றாக எடுத்தபின் எஞ்சுகிற தொகைதான் பொறியாளர் கையில் கிடைக்கிறது. அதற்குள் அடங்கும்படி அவர் கைப்பேசியைச் செய்ய வேண்டும்.

ஆகவே, பாகங்களின் செலவு விலையைத் தீர்மானிப்பதைவிட, விலைதான் பாகங்களைத் தீர்மானிக்கிறது. எதை வெட்டுவது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடக்கூடியதை வெட்ட மாட்டார்கள்: 50 மெகாபிக்சல், 5000 எம்ஏஎச், 5ஜி. அச்சிட முடியாததில் கை வைப்பார்கள். சேமிப்பகம் பழைய வேகத்தில் இருக்கும். மூன்றாவது கேமரா என்று ஒரு கண் பெயருக்கு ஒட்டியிருக்கும். வெயிலில் திரை மங்கும். அதிர்வு மோட்டார் கொசு ரீங்காரம் போலக் கேட்கும். பழுதுபார்க்கும் மேசையில் திறந்து பார்க்கும்போது, ஒரே விலையுள்ள இரண்டு கைப்பேசிகளுக்கு இடையே இந்த வேறுபாடு அப்பட்டமாகத் தெரியும்.

வயலுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு நான் சொல்வது: மெகாபிக்சலை விட்டுவிட்டு, திரையின் வெளிச்ச அளவையும் சேமிப்பகத்தின் வகையையும் கேளுங்கள். உச்சிவெயிலில் வரப்பில் நின்று பணம் அனுப்ப முடியாத கைப்பேசியில் 50 மெகாபிக்சல் இருந்து ஆவதென்ன?

9. "ஒரு கம்பெனி அஞ்சு சதவீதத்துக்கு மேல லாபம் வைக்க மாட்டோம்னு சொல்லுச்சாம். நம்பலாமா?"

ஷாவ்மி நிறுவனம் 2018 ஏப்ரலில், தன் கருவிகள் விற்பனையில் நிகர லாபம் 5 சதவீதத்தைத் தாண்டாது என்றும், தாண்டினால் வாங்கியவர்களுக்குத் திருப்பித் தருவோம் என்றும் அறிவித்தது. சொன்னதில் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும்: கருவிகள். திரையில் வரும் விளம்பரம், முன்பே பதிந்து வரும் செயலிகள், இணையச் சேவைகள் ஆகியவற்றின் வருமானம் அந்தக் கணக்கில் சேராது. பூட்டிய திரையில் கேட்காமலே செய்தியும் படமும் வருவதைப் பார்த்திருப்பீர்கள். கருவியில் விட்டுக்கொடுத்த பணத்தில் ஒரு பகுதி அந்த வழியாகத் திரும்புகிறது. இது ஏமாற்று வேலை என்று நான் சொல்ல மாட்டேன். பத்தாயிரம் ரூபாய்க்குள் நல்ல சிப் உள்ள கைப்பேசி நம் ஊருக்கு வந்ததில் இந்த முறைக்குப் பங்கு உண்டு.

அமேசானின் ஜெஃப் பெசோஸ் 2012-இல், மின்னூல் படிக்கும் கிண்டில் கருவிகளைச் செலவு விலைக்கே விற்கிறோம் என்று வெளிப்படையாகச் சொன்னார்; நூல் வாங்கும்போது வருமானம் வரும் என்பது கணக்கு. 2017-இல் வந்த ஜியோபோன் இன்னொரு உதாரணம். 1,500 ரூபாய் முன்பணம், மூன்றாண்டுக்குப் பின் திரும்பக் கிடைக்கும் என்றார்கள். அங்கே விற்கப்பட்டது ரீசார்ஜ். கைப்பேசி அதற்கான பாத்திரம். ஆப்பிளின் கணக்கிலும் இதே கதை உண்டு: 2-ஆம் பதிலில் சொன்ன 37.2 சதவீதம் கருவிகளுக்கு. அதே ஆண்டில் சேவைகளுக்கு 73.9 சதவீதம்.

10. "நட்டத்துக்கே வித்து யாராவது பொழச்சிருக்காங்களா?"

கையடக்க விளையாட்டுக் கருவிகளில் நடந்திருக்கிறது. நின்டெண்டோ 2011 பிப்ரவரியில் ஜப்பானில் 3டிஎஸ் என்ற கருவியை 25,000 யென்னுக்கு வெளியிட்டது. விற்பனை மந்தமானதும், ஆறு மாதத்துக்குள் அதை 15,000 யென்னாகக் குறைத்தது. ஒவ்வொன்றையும் நட்டத்தில் விற்கும் நிலை வந்தது. தலைவர் சதோரு இவாதா தம் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். முன்பே முழு விலை கொடுத்து வாங்கியவர்களுக்கு இருபது விளையாட்டுகளை இலவசமாகக் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். விலை குறைந்ததும் கருவி பரவியது. கருவி பரவியதும் விளையாட்டுகள் விற்றன. ஒட்டி விற்பதற்குப் பின்னால் ஒரு பொருள் இருப்பவர்களுக்கே இது கைவரும். வெறும் கைப்பேசியை மட்டும் விற்பவர் இப்படிச் செய்தால் கடையை மூட வேண்டியதுதான்.

11. "கடைக்குப் பில் போட ஒரு கைமெஷின் கேட்டா, போன் விலையைவிட அதிகமா சொல்றீங்க. அதுல ஒண்ணுமே இல்லையே?"

பாத்திரக்கடைக்காரர்களும் உரக்கடைக்காரர்களும் கேட்பது இது. சிறிய திரை, பழைய சிப், ரசீது அச்சிடும் ஓர் உருளை. பாகங்களைப் பார்த்தால் மலிவுதான். வித்தியாசம் எண்ணிக்கையில் இருக்கிறது. அச்சு வார்ப்பு, மின்சுற்று வடிவமைப்பு, மென்பொருள், தரச் சான்று ஆகியவற்றுக்கு ஒருமுறை 2 கோடி ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து லட்சம் கருவி விற்றால் ஒன்றின் தலையில் 20 ரூபாய் விழும். பத்தாயிரம்தான் விற்கும் என்றால் 2,000 ரூபாய் விழும். பாகங்களை வாங்கும்போதும் பத்தாயிரம் கேட்பவருக்கும் பத்து லட்சம் கேட்பவருக்கும் ஒரே விலை சொல்ல மாட்டார்கள். இதோடு, கருவி நின்றுபோனால் மறுநாளே ஆள் வந்து பார்க்கும் செலவும் விலைக்குள் இருக்கிறது.

12. "பதினஞ்சாயிரம் போனுக்கு டிஸ்ப்ளே மாத்த ஆறாயிரமா? 1-ஆம் பதில்ல சொன்ன கணக்குப்படி அவ்வளவு வராதே?"

சரியாகப் பிடித்துவிட்டீர்கள். தொழிற்சாலைக்குப் போகும் திரை லட்சக்கணக்கில் போகிறது. உங்களுக்கு வரும் திரை தனித்தனிப் பெட்டியில், கிடங்குகளில் காத்திருந்து, உடையும் ஆபத்தோடு, ஜிஎஸ்டி சேர்த்து வருகிறது. நிறுவனத்தின் அசல் திரையை எங்கள் தொழிலில் சர்வீஸ் பேக் என்போம். அதைத் தவிர, நகல் காம்போ என்று பாதி விலையிலும் அதற்குக் கீழும் கிடைக்கும். நகலில் நிறம் மாறும், தொடுதல் சில நேரம் தடுமாறும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். எது போடுகிறேன் என்பதைச் சொல்லாமல் ஒருவர் மாற்றிக் கொடுத்தால், அவரிடம் மறுமுறை போகாதீர்கள்.

உதிரிபாகத்தை விலை ஏற்றி வைத்தால் புதிதாக வாங்குவார்கள் என்ற எண்ணம் நிறுவனங்களுக்கு இருக்கிறதா என்றும் கேட்கிறார்கள். பழுதின் செலவு புதியதன் பாதி விலையைத் தொடும்போது பத்தில் ஏழு பேர் புதியதைப் பார்க்கத் தொடங்குகிறார்கள் என்பதை மட்டும் என் மேசையிலிருந்து சொல்ல முடியும்.

13. "வட்டியே இல்லாத தவணைன்னு போட்டிருக்காங்களே, அந்த வட்டியை யார் கட்டறது?"

யாரோ ஒருவர் கட்டுகிறார். வட்டியே இல்லாத கடன் என்ற ஒன்று இருக்க முடியாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. 18,000 ரூபாய்க் கைப்பேசியை மாதம் 3,000 வீதம் ஆறு மாதத்தில் கட்டுகிறீர்கள் என்றால், கடன் கொடுப்பவருக்குரிய வட்டியை நிறுவனமோ கடையோ தள்ளுபடியாக விட்டுக்கொடுத்திருக்கும். ரொக்கமாக வாங்கினால் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். சில நேரம் அந்தத் தள்ளுபடி உங்களுக்கு வரும். செயல்முறைக் கட்டணத்தையும் அதன் மேலான ஜிஎஸ்டியையும் கடன் தாளில் பார்த்தபின் கையெழுத்திடுங்கள்.

14. "குறுவைப் பணம் வந்ததும் தீபாவளிக்கே வாங்கவா, சம்பா அறுத்துத் தையில வாங்கவா? நாளானா விலை குறையும்தானே?"

வழக்கமாகக் குறையும். ஒரு மாடல் வெளிவந்து மாதங்கள் ஆக ஆக அதன் பாகங்களின் விலை இறங்கும், முதலில் போட்ட அச்சுச் செலவு தேறிவிடும், அடுத்த மாடல் வரும்முன் இருப்பைத் தீர்க்க வேண்டியிருக்கும். புதிய மாடல்கள் பல தை, மாசியில் வருவதால், சென்ற ஆண்டின் நல்ல கைப்பேசி அப்போது இறங்குவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஆனால் 2025-இன் பிற்பகுதியிலிருந்து இந்த வழக்கம் தடுமாறுகிறது. ராம் சிப்பை உலகுக்குப் பெருமளவில் செய்து கொடுப்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்களே. செயற்கை நுண்ணறிவுக் கணினிகளுக்கான விலையுயர்ந்த நினைவகத்தின் பக்கம் அவை திரும்பியதால், கைப்பேசிக்கான ராம் விலை ஏறியது. விலை குறைந்த கைப்பேசியில் நினைவகத்தின் பங்கு அதிகம் என்பதால் அடி முதலில் அங்கேதான் விழும். 8-ஆம் பதிலில் சொன்னபடி 9,999 என்ற எண்ணை மாற்ற விரும்பாத நிறுவனம், 6 ஜிபி இருந்த இடத்தில் 4 ஜிபி வைத்து அதே விலைக்குக் கொடுக்கும். ஆகவே, தைக்குக் காத்திருப்பதானால் இன்றைக்குப் பார்த்த மாடலின் ராம் அளவையும் சேமிப்பக அளவையும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு, அன்றைக்கு அதே எண்கள் இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். கையில் இருக்கும் பழையது அதுவரை தாங்குமா என்பதைப் பேட்டரியைச் சோதித்துச் சொல்கிறேன். அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை.